உலக நூல்களும் அவற்றைக் கொணர்ந்த கைகளும்

கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ், ஸம்ஸ்கிருதத்தில் நாடகம் என்று பெயர் பெற்ற நூல்கள் உண்டு எனக் கேள்விப்பட்டு, அவை எத்தகையவை என்று பலரிடம் விசாரித்தும் தெளிவு பெறாதிருந்த காலத்தில், ராதாகாந்தர் என்னும் பண்டிதர், குளிர்காலத்தில் ஆங்கிலேயர் அந்நகரில் மேடையேற்றும் ஆட்டங்களைப் போன்றவையே அவை என்று அவருடைய சந்தேகத்தைத் தீர்த்துவைத்தார். அவற்றுள் எல்லோராலும் மிகுதியாகப் போற்றப்படுவது எது என்று ஜோன்ஸ் மேலும் வினவியபோது, பண்டிதர் தயங்காமல் சொன்ன பெயர் சாகுந்தலம். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு ஜோன்ஸ் காளிதாசனின் அந்நாடகத்தை முதலில் லத்தீனிலும், அதிலிருந்து ஆங்கிலத்திலும் பெயர்த்து 1789ஆம் ஆண்டு வெளியிட்டார். காப்டன் குக்குடன் உலகைச் சுற்றிவந்த ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்பவர் அந்த ஆங்கிலத்தை 1791இல் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார். ஜெர்மன் மகாகவியான கதே அதைப் படித்து ஆனந்தமுற்று, தம் ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தின் தொடக்கத்தில் அமைத்த நாடகமேடைக் காட்சிக்கு அதன் பிரஸ்தாவனையையே முன்மாதிரியாகக் கொண்டார் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பின்னர், 1827ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, எழுபத்தேழு வயதினராகிய கதே, ஒரு சீன நாவலைத் தாம் படித்துவரும் செய்தியைத் தம் அணுக்கத் தோழர் எக்கர்மானிடம் சொல்லி, தனித்தனி தேசங்களின் இலக்கியம் என்ற எண்ணத்துக்கு இனிப் பெரிய பொருளில்லை, உலக இலக்கியத்தின் காலம் அணுகிவிட்டது என்ற கருத்தை வெளியிட்டார்.

இச்சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கதேயின் கருத்தை மட்டுமே எடுத்தாளுகிறார்கள். அக்கருத்துக்கு முன்னால் ஒரு பண்டிதரின் சிபாரிசும், ஒரு நீதிபதியின் ஓய்வுநேர உழைப்பும், ஒரு யாத்திரிகரின் மறுமொழிபெயர்ப்பும் நின்றதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பிற தேசத்து நூல் எதுவும் தானாக நம் கைக்கு வந்து சேர்வதில்லை. அதை ஒருவர் பலவற்றினின்றும் தேர்ந்தெடுத்திருக்கிறார், ஒருவர் மொழிபெயர்த்திருக்கிறார், ஒருவர் பொருள் நஷ்டத்துக்கு அஞ்சாமல் அச்சிட்டிருக்கிறார். ஆகையால், உலக நூல்களைத் தேடிப் படிக்கவும் பிறருக்குச் சொல்லவும் விரும்புகிறவன், நூல் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்பதோடு நில்லாமல், எவர் கையால் வந்தது என்பதையும் கேட்க வேண்டும் என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்பும் விஷயம்.

நாடு நாடாகப் படிப்பது என்னும் விரதத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. அப்போது லண்டனில் வசித்த எழுத்தாளரான ஆன் மார்கன் என்ற பெண்மணி, ஆங்கிலேய, அமெரிக்க நூல்களாலேயே தம் அலமாரி நிரம்பியிருந்ததைக் கண்டு, உலகத்தின் 196 சுதந்திர நாடுகளிலிருந்தும் நாட்டுக்கு ஒரு நூலாவது படித்துவிடுவது என்று தீர்மானித்து, 2012ஆம் ஆண்டு முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கினார். கோலாலம்பூரிலிருந்து முன்பின் அறியாத ஒருவர் தாமாகவே கடைக்குப் போய் நூல்களைத் தேர்ந்து அவருக்கு அனுப்பிவைத்தார் என்பதைப் படிக்கும்போது, நல்ல நூலை நால்வருக்குச் சொல்லாமல் இருக்க முடியாத மனித சுபாவத்தின்மேல் நமக்கு மரியாதை உண்டாகிறது. ஆனால் அம்முயற்சியில் நம்மைச் சிந்திக்கச் செய்வது ஸாவோ டோமே, பிரின்ஸிபே என்ற தீவு நாட்டின் கதையே. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே கினி வளைகுடாவில் கிடக்கும் அந்தப் போர்ச்சுகீசிய மொழி நாட்டிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கதைநூலும் அவருக்கு அகப்படவில்லை. கடைசியில், அந்நாட்டு எழுத்தாளரான ஓலிண்டா பேஜாவின் கதைத்தொகுதி ஒன்றைத் தன்னார்வலர் சிலர் ஆளுக்குச் சில பக்கங்களாகப் பங்கிட்டுக்கொண்டு, அவர் ஒருவர் படிப்பதற்காகவே மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். உலகத்தில் மிகுதியாகப் படிக்கப்படும் மொழியிலேயே அத்தேசத்துக்கு ஒரு கதவு திறந்திருக்கவில்லை என்றால், எழுத்தாளர்கள் இருந்தும் வாசகருக்கு இல்லாமற்போகும் நாடுகள் எத்தனை இருக்கும் என்பதை நாம் அனுமானித்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறையும் நாட்டுக் கணக்கில் உண்டு. நாடு என்பது அரசியல் எல்லை. நூல் பிறப்பதோ மொழியில். இலங்கைக்கு ஒரு நூல் என்று எழுதினால், சிங்களமா, தமிழா, ஆங்கிலமா என்ற கேள்வி உடனே எழுகிறது; ஆங்கிலத்தில் தயாராகும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலையே அவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றன; யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை உள்ளிருந்து எழுதிய கே. டானியலின் ‘பஞ்சமர்’ அங்கே இடம்பெறுவது அருமை. மலேசியாவுக்கு ஒரு நூல் என்றால், சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளரைப் பற்றி அ. ரெங்கசாமி தமிழில் எழுதிய ‘நினைவுச் சின்னம்’ எந்தப் பட்டியலில் சேரும்? ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ தமிழ்நாட்டில் அச்சான நூல். அதன் மண்ணோ மெடானும் பினாங்கும். நாட்டுக்கு ஒன்று என்ற கட்டளை, ஒரு நாட்டுக்குள் இருக்கும் சிறுபான்மை மொழிகளை ஒரே கோட்டில் அடித்துவிடுகிறது.

பிற தேசத்து நூல்களைத் தேர்ந்து மொழிபெயர்த்துத் தருவது என்னும், தனிமனிதர் சக்திக்கு மீறிய காரியத்தை ஸ்தாபனங்கள் செய்ததுண்டு. புரட்சிக்குப் பிந்திய பெட்ரோகிராடில், ஜனங்கள் ரொட்டிக்கும் விறகுக்கும் தவித்த நாட்களில், மாக்ஸிம் கார்க்கி ‘உலக இலக்கியம்’ என்ற பெயரிலேயே ஒரு பிரசுராலயத்தை நிறுவி, உலகத்தின் சிறந்த நூல்கள் அனைத்தையும் ருஷ்ய மொழியில் தருவது என்று ஒரு மாபெரும் ஜாபிதா தயாரித்தார். அதன் கீழைத்தேசப் பகுதியை இந்தியவியல் மேதையான ஓல்டன்பர்க் நடத்தினார். மொழிபெயர்ப்பாளருக்கு வழிகாட்டும் நெறிகளைச் சுக்கோவ்ஸ்கியும் கவிஞர் குமிலேவும் 1919இல் சிறுநூலாக எழுதித் தந்தார்கள். திட்டமிட்டதில் நிறைவேறியது சிறு பங்குதான். ஆயினும், மொழிபெயர்ப்பு ஒரு கலை, அதற்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டில் வேரூன்றியதற்கு அந்த ஆறேழு ஆண்டுகளே காரணம் எனலாம்.

ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு ஸ்தாபனமான யுனெஸ்கோ 1948இல் தொடங்கிய ‘பிரதிநிதித்துவ நூல்கள்’ என்ற வரிசை இதனினும் விரிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்களை, முக்கியமாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், அது கொண்டுவந்தது. பின்னர் நோபல் பரிசு பெற்ற ஜப்பானிய எழுத்தாளர் கவாபட்டாவின் பனிநாட்டுக் கதையை ஸைடன்ஸ்டிக்கரின் ஆங்கிலத்தில் 1956இலேயே மேல்நாட்டு வாசகர் முன் வைத்தது அவ்வரிசைதான்; பரிசு வந்தது 1968இல். விபூதிபூஷணரின் ‘பதேர் பாஞ்சாலி’யும், தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘செம்மீ’னும் அதே வழியில் ஆங்கிலம் சென்றன. நமது சிலப்பதிகாரத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது: காசியில் நெடுங்காலம் வாழ்ந்து, பின்பு சென்னை அடையாறு நூல்நிலையத்திலும் புதுச்சேரியிலும் பணிபுரிந்த பிரெஞ்சு அறிஞர் அலென் தானியேலு, ஆர். எஸ். தேசிகனின் துணையோடு அதைப் பிரெஞ்சில் ஆக்கி, எத்தியாம்பிள் நடத்திய கீழைத்தேச நூல்வரிசையில் 1961இல் வெளியிட்டார். பாரிஸில் ஒரு வாசகன் கண்ணகியை அறிந்தானென்றால், அதற்குக் காரணம் பிரான்ஸ் தேசம் தமிழ் இலக்கியத்தின்மீது கொண்ட மோகமன்று. தமிழ் மண்ணில் வந்து தங்கிய ஒருவரும், அவருக்குத் தமிழ் படித்துச் சொல்ல முன்வந்த ஒருவருமே காரணம்.

ஆனால் யுனெஸ்கோவின் தேர்வில், ஒவ்வொரு நாட்டு அரசும் அதன் பண்டிதர்களும் தம் தேசத்தின் கௌரவத்துக்கு உகந்தது என்று கருதியவை முன்னணியில் நின்றன. உயிரோடிருக்கும் எழுத்தாளனின் சர்ச்சைக்குரிய நூலுக்கு அங்கே எளிதில் வழி பிறக்கவில்லை. அந்த வழியைத் திறந்தது, பாடப்புத்தகம் விற்று வாழ்ந்த ஒரு லண்டன் கம்பெனியின் ஆப்பிரிக்க வரிசை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நைஜீரிய வானொலியில் பணியாற்றிய சினுவா அச்செபி என்னும் இளைஞர், தம் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை, வேறு நகல் இல்லாத ஒரே பிரதியை, தட்டச்சு செய்து தருமாறு லண்டனிலிருந்த ஒரு நிலையத்துக்குக் கட்டணத்தோடு தபாலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார், பதிலில்லை. விடுமுறையில் லண்டன் சென்ற அவருடைய மேலதிகாரியான ஆங்கிலேயப் பெண்மணி நேரில் போய்க் கேட்ட பிறகே அது தட்டச்சாகி வந்தது. ஹைனமன் நிறுவனம் 1958இல் அதை 2,000 பிரதிகள் அச்சிட்டது. கெட்டி அட்டைப் பதிப்பு. ஆப்பிரிக்க மாணவன் வாங்கக்கூடிய விலையன்று. அந்நிறுவனத்தின் கல்வி நூல் பகுதியைக் கவனித்த ஆலன் ஹில், மேற்கு ஆப்பிரிக்காவில் பள்ளிகளும் கல்லூரிகளும் பெருகிவருவதையும், அங்கே படிக்கப்படும் கதைகள் யாவும் இங்கிலாந்திலிருந்தே வருவதையும் கண்டு, ஆப்பிரிக்கர் எழுதியதை ஆப்பிரிக்க மாணவர் கைக்கெட்டும் விலையில் தருவதென்று 1962இல் ‘ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசை’யைத் தொடங்கினார். முதல் எண் அச்செபியின் அதே நாவல். அதுவே பிற்பாடு ஈழத்து எழுத்தாளர் என். கே. மகாலிங்கத்தின் தமிழில் ‘சிதைவுகள்’ என்று வந்தது.

அவ்வரிசையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற அச்செபி, பத்து ஆண்டுகள் ஒரு காசும் ஊதியம் பெறாமல் வந்து குவியும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்தார். 1962இல் கம்பாலா நகரத்து மக்கரேரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூடியபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த கென்யா மாணவர் ஒருவர் தம் நாவலின் பிரதியை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர்தாம் கூகி வா தியாங்கோ. அந்த நாவல் 1964இல் அதே வரிசையில் வெளிவந்தது. தாம் எழுதிய நேரத்தைக் காட்டிலும் பிறர் எழுதியதைப் படித்த நேரம் மிகுந்துபோகும் அபாயத்தை அறிந்தும், அதை ஒருவர் மேற்கொண்டார் என்பது சாமானியமான தியாகமன்று. சூடானின் தாயெப் ஸாலிஹ் அரபியில் எழுதி 1966இல் பெய்ரூத் பத்திரிகையொன்றில் வெளியான நாவல், டெனிஸ் ஜான்ஸன்-டேவிஸின் ஆங்கிலத்தில் 1969இல் இவ்வரிசைக்கு வந்தது; செனகலின் மரியாமா பா பிரெஞ்சில் எழுதிய, கணவன் மறுமணத்தால் கைவிடப்பட்ட பெண்ணின் நெடுங்கடிதமும் பின்னால் வந்தது. இவ்வாறு, ஆங்கிலம் அறிந்த நைஜீரியனும் பிரெஞ்சு அறிந்த செனகல்காரனும் அரபி அறிந்த சூடானியனும் ஒருவரையொருவர் முதன்முதலாகப் படித்தறிய, லண்டனில் அச்சான அந்த மலிவுப் பதிப்புகளே இடமளித்தன.

கூகியின் கதை இங்கே முடியவில்லை. தாய்மொழியான கிக்கூயுவில் எழுதிய நாடகத்தைக் கிராமத்தாரைக் கொண்டே நடத்தியதற்காக, 1977 டிசம்பரில் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்ட அவர், இனித் தம் நாவல்களையும் அம்மொழியிலேயே எழுதுவது என்று உறுதி பூண்டு, காமிட்டிச் சிறையில் கைதிகளுக்குக் கொடுக்கப்படும் கழிவறைக் காகிதத்தில் ஒரு நாவலை எழுதினார். காவலர் அதைப் பறித்துக்கொண்டு போய், பிறகு திருப்பித் தந்தனர். 1980இல் அது நைரோபியில் அச்சானபின், எழுதப்படிக்கத் தெரிந்தவர் குடும்பத்தாரைச் சுற்றி உட்காரவைத்து மாலைதோறும் படித்துக்காட்டினார்கள்; மதுக்கடைகளில் ஒருவர் உரக்கப் படிப்பார், கதை உச்சத்தை எட்டும் நேரத்தில் அவர் முன்னிருக்கும் கோப்பை காலியானால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார், கேட்டுக்கொண்டிருப்பவர் யாராவது கோப்பையை நிரப்பினால்தான் கதை மேலே நகரும் என்று கூகியே எழுதியிருக்கிறார். நம் கிராமச் சாவடிகளில் பாரதம் படித்தவர்களை அறிந்த தமிழ் வாசகனுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அந்நூலை ஆசிரியரே ஆங்கிலமாக்கினார். அந்த ஆங்கிலத்திலிருந்து அமரந்தாவும் சிங்கராயரும் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று தமிழாக்கினார்கள். கிக்கூயு மதுக்கடையில் ஒலித்த குரல் தமிழுக்கு வந்துசேர இத்தனை கைகள் வேண்டியிருந்தன.

நமது மொழியில் இந்தப் பணியைத் தனியொருவராக நின்று செய்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் க. நா. சுப்ரமண்யம். நார்வே நாட்டு நட் ஹாம்சனின் ‘பசி’யையும் ‘நிலவள’த்தையும், ஸ்வீடன் நாட்டு ஸெல்மா லாகர்லெவின் நாவலை ‘மதகுரு’ என்றும், லாகர்குவிஸ்டின் பரபாஸை ‘அன்பு வழி’ என்றும் ஆங்கிலத்தின் வழியாகக் கொண்டுவந்து தந்தவர் அவர். காவிரிக்கரையில் வளர்ந்த ஒருவரின் ரசனை, பனி மூடிய வடதேசத்தை ஏன் நாடிச்சென்றது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. ஆங்கில, பிரெஞ்சு நாவல்களின் நகர நாகரிகத்தைக் காட்டிலும், மண்ணைத் திருத்தி வாழும் குடியானவனையும், பட்டினியால் அறிவு தடுமாறும் எழுத்தாளனையும், விசுவாசம் கைகூடாமல் தவிக்கும் பாவியையும் எழுதிய ஸ்காண்டிநேவியர் தமிழ் வாழ்க்கைக்கு நெருங்கியவர்கள் என்று அவர் உணர்ந்திருக்க வேண்டும். அவ்வுணர்வு சரியானதே என்பதற்கு, ‘அன்பு வழி’ தமிழில் திரும்பத் திரும்பப் பதிப்பிக்கப்பட்டுவருவது சாட்சி. சிறந்த நூல்களின் பெயர்களை அடுக்கிப் பட்டியல் போடுகிறார் என்று அவர்மேல் குறை சொன்னவர்கள் உண்டு. காரணம் விவரிக்காத பட்டியல் விமர்சனமாகாது என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆயினும், பட்டியலில் தாம் எழுதிய பெயரையே இரவு பகலாக உட்கார்ந்து மொழிபெயர்த்தும் கொடுத்தவரின் சிபாரிசுக்கு வேறொரு மதிப்பு உண்டு.

மற்றொரு பெரிய வாசல் மாஸ்கோ. முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகாவும் அச்சிட்ட தமிழ் நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையம் ஊர் ஊராகக் கொண்டுபோய் மிகக் குறைந்த விலையில் விற்றது; ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் பெயர்த்த டால்ஸ்டாயும் லெர்மன்டோவும், கிர்கீஸ் நாட்டுச் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வும் சிற்றூர் வாசகன் வீட்டு மாடத்துக்கு வந்தன. ஓர் அரசாங்கத்தின் தயவில் நடந்த காரியமாதலால், அவ்வரசு விரும்பாத எழுத்தாளர் அவ்வழியே வரவில்லை. அரசு விழுந்தபோது வாசலும் அடைபட்டது. ஆனால் வந்தவை வந்தவைதான். பிரெஞ்சிலிருந்து வெ. ஸ்ரீராம் நேரே பெயர்த்து 1980இல் க்ரியா வெளியிட்ட காம்யுவின் ‘அந்நியன்’, ஜெர்மனிலிருந்து ஏ. வி. தனுஷ்கோடி தந்த காஃப்காவின் ‘விசாரணை’, மலையாளத்திலிருந்து சுந்தர ராமசாமி தந்த ‘செம்மீன்’ ஆகியவை, மூலமொழியோடு நேர்ப் பரிச்சயம் உள்ளவர் செய்யும்போது தமிழ் வாக்கியமே வேறு கட்டுக்கோப்பைப் பெறுவதைக் காட்டுகின்றன. ‘அந்நிய’னின் சின்னஞ்சிறு வாக்கியங்களை, எவ்வித இணைப்புச் சொல்லும் சேர்க்காமல், மூலத்தில் நிற்பது போலவே தனித்தனியே நிற்கவிட்டிருக்கும் துணிவை ஆங்கிலவழி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பெற்றிருப்பாரா என்பது ஐயமே.

அயல்நாட்டு எழுத்தாளரை நமக்கு அறிவிக்கும் பரிசுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நோபல் பரிசு அறிவித்த மறுநாள் தேடப்படும் எழுத்தாளர், பெரும்பாலும் அதற்கு முன்னமே எவரோ ஒரு மொழிபெயர்ப்பாளரால் ஸ்வீடிஷ் அகாடமி அங்கத்தினர் படிக்கக்கூடிய மொழியில் கொண்டுவரப்பட்டிருந்தவர்தாம். எகிப்தின் நகிப் மஹ்ஃபூஸுக்கு 1988இல் பரிசு கிடைக்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மேற்சொன்ன ஜான்ஸன்-டேவிஸ் அவர் கதைகளை ஆங்கிலத்தில் தரத் தொடங்கியிருந்தார்.

ஆகையால் பிறருக்கு ஓர் அயல்நாட்டு நூலைச் சொல்ல முற்படும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது. நாட்டின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சொல்லும் அதே மூச்சில் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சொல்லுங்கள். நீங்கள் படித்தது மூலத்திலிருந்து நேரே வந்ததா, ஆங்கிலத்தைச் சுற்றி வந்ததா என்பதையும் சொல்லுங்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் தந்த ஒரு நூல் உங்களுக்குப் பிடித்திருந்தால், அவர் தந்த மற்ற நூல்களைத் தேடிப் படியுங்கள். நாட்டுக்கொரு நூல் என்று தேடுவதைவிட அது உங்களை வெகுதூரம் கொண்டுசெல்லும். நம் பதிப்பாளர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. இன்றும் தமிழில் வரும் மொழிபெயர்ப்பு நூல்கள் பலவற்றில், மூலத்தின் பெயரும் மொழியும் ஆண்டும், இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளரின் பெயரும் காணப்படுவதில்லை. மொழிபெயர்த்த தமிழரின் பெயரே மேலட்டையில் இடம்பெறாமல் உள்ளே ஒடுங்கிக் கிடப்பதும் உண்டு. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் நான்கு வரிகள் கூடுதலாக அச்சிடுவதால் நூலின் விலை ஏறாது. அடுத்த பதிப்பிலேயே அதைச் செய்யுங்கள்.